ஊர் கேட்கட்டும், நீ ஓடு!

"இன்னா கண்ணு, யாருக்கு இன்னா ஆச்சு?"

உத்திரமேரூர் ஏரிக்கரையில் நான் ஓடிய முதல் நாள் என்னைத் தேடி வந்த முதல் கேள்வி இது. ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஆயா கேட்டார். கையில் வேப்பங்கொம்பு, இடுப்பில் சுருக்குப்பை, முகத்தில் நிஜமான பதற்றம். விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு 43 வயது ஆள் ஒருவன் வேர்த்து விறுவிறுத்துக் கரைமேல் ஓடிவந்தால் அவர் கணக்கில் காரணம் மூன்றில் ஒன்றுதான். யாரோ சாகக் கிடக்க வேண்டும், யாரோ கிணற்றில் விழுந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாடு அவிழ்த்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

"ஒண்ணும் இல்ல ஆயா. சும்மா ஓடறேன்."

பதற்றம் போய்ப் பரிதாபம் வந்தது. "சும்மாவா?" என்று என்னை விட்டுவிட்டு ஆடுகளைப் பார்த்துக் கேட்டார். ஆடுகளுக்கும் பதில் தெரியவில்லை.

அன்று நான் ஓடிய தூரம் எவ்வளவு தெரியுமா? மதகில் தொடங்கி, கண்ணுக்கு எதிரே தெரிந்த பனைமரக் கூட்டம் வரை. மூன்று நிமிடம்கூட இருக்காது. அதற்குள் நெஞ்சு மத்தளம் கொட்டியது. தொண்டையில் இரும்பு வாசனை அடித்தது. பனையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். ஆயா அதையும் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

நம் ஊரில் ஓடுவதற்குக் காரணம் வேண்டும். பஸ்ஸைப் பிடிக்க ஓடலாம். நாய் துரத்தினால் ஓடலாம். போலீஸ் வேலைக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டுமென்றால் மூன்று மாதம் ஓடலாம். செலக்‌ஷன் முடிந்த மறுநாள் நிறுத்திவிட வேண்டும். சும்மா ஓடினால் மட்டும் ஊர் நின்று பார்க்கும். அந்தப் பார்வைக்குப் பயந்துகொண்டுதான், தம்பி, நீ இன்னும் போர்வைக்குள் கிடக்கிறாய். காலில் பலம் இல்லை என்று என்னிடம் சொல்லாதே. ஒரகடத்துக் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை செய்துவிட்டு, கம்பெனி பஸ்ஸில் உட்கார இடமில்லாமல் திரும்பவும் நின்றுகொண்டே வருகிற கால் அது. சேற்றில் குனிந்து நடவு நட்டவள் பெற்ற கால் அது. உன் காலில் குறையில்லை. "அய்யே, இவன் எதுக்கு ஓடறான்?" என்று எதிர்த்திண்ணை கேட்டுவிடுமோ என்று ஒரு நடுக்கம் இருக்கிறதே, அதில்தான் கோளாறு. அந்த நடுக்கத்தின் கழுத்தைப் பிடிக்கத்தான் இதை எழுதுகிறேன்.

அது எங்கே தொற்றியது என்று யோசித்துப் பார். பள்ளிக்கூடத்தில்! லேட்டாக வந்தாயா, கிரவுண்டை மூன்று சுற்று ஓடு. வீட்டுப்பாடம் எழுதவில்லையா, ஐந்து சுற்று ஓடு. பிரேயரில் பேசினாயா, இரண்டு சுற்று. ஆறு வயதில் தெருவில் டயர் உருட்டிக்கொண்டு சிரித்துச் சிரித்து ஓடிய குழந்தையைப் பிடித்து, ஓட்டம் என்பது தப்பு செய்தவன் அனுபவிப்பது என்று பத்து வருடம் பாடம் நடத்தினோம். கணக்கு மறந்து போனது, வரலாறு மறந்து போனது, அந்தப் பாடம் மட்டும் உடம்பில் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் ஓடச் சொன்னால் மனம் முதலில் கேட்பது "நான் என்ன தப்பு செய்தேன்?" என்றுதான்.

என் கதையையும் சொல்கிறேன். எட்டாம் வகுப்பு, விளையாட்டு விழா, 800 மீட்டர். எங்கள் சின்ன மைதானத்தில் நான்கு சுற்று. நான் மூன்றாவது சுற்றில் இருக்கும்போதே முதல் மூன்று பேரின் பெயரைச் சான்றிதழில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். நான்காவது சுற்றை முடித்து வந்தபோது கயிறு பிடிக்க ஆளில்லை. அடுத்த போட்டிக்காகச் சுண்ணாம்புக் கோட்டைக் காலால் தேய்த்து அழித்துக்கொண்டிருந்தார்கள். எங்கே நிற்பது என்று தெரியவில்லை. இன்னும் பத்தடி ஓடிப் போய், ஓரமாக இருந்த வேப்பமரத்தைத் தொட்டுவிட்டு நின்றேன். யாரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு முப்பது வருடம் நான் பஸ்ஸுக்குக்கூட ஓடவில்லை. பஸ் போனால் போகட்டும், அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று நின்றுகொண்டே இருந்தேன். முப்பது வருடம்! அழிந்துபோன ஒரு சுண்ணாம்புக் கோட்டுக்காக!

உன்னிடமும் அப்படி ஒரு கோடு இருக்கும். கோடு என்பது போட்டவன் கையில் இருக்கிற சுண்ணாம்பு. உன் கையில் இருப்பது உன் கால்.

நம் ஊர்க் கல்லைப் போய்ப் பார்த்திருக்கிறாயா? பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே வைகுண்டப் பெருமாள் கோயில். முதலாம் பராந்தக சோழன், குடவோலை, கி.பி. 919, 921 என்று குரூப் 4 தேர்வுக்கு மனப்பாடம் செய்திருப்பாய். உனக்கு அது ஒன்றரை மதிப்பெண். ஒரு நாள் சாயங்காலம் நிதானமாக அந்தச் சுவர் முன்னால் நில். 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஊரை 30 குடும்பாக, அதாவது வார்டாகப் பிரிக்கிறது. ஊர் வாரியங்களுக்கு யார் பெயர் ஓலையில் ஏறலாம் என்று அடுக்குகிறது. வரி கட்டுகிற நிலம் கால் வேலியாவது இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் வரக்கூடாது, அவனுடைய நெருங்கிய உறவுக்காரனும் வரக்கூடாது. (இந்த ஒரு விதிக்காகவே அந்தச் சுவரை விழுந்து கும்பிடலாம். அது வேறு கதை.) ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு பாலகனைக் கொண்டு எடுக்கச் சொல்வார்கள். அப்படி வந்தவர்களில் 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள்.

ஓர் ஏரிக்கு ஆறு பேர். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் கேட்பேன்.

ஏரி கல்லைவிடவும் மூத்தது. பல்லவர் காலத்துக் கல்வெட்டுகளில் அதன் பெயர் வைரமேகத் தடாகம். தூர் வாரப் பொன் கொடுத்தவர்களைப் பற்றிக் கல் பேசுகிறது. மண் சுமந்தவர்களின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. கூடை கூடையாக மண்ணைத் தலையில் ஏற்றி, கொட்டி, மிதித்து, மறுபடி கொட்டி, மறுபடி மிதித்து எழுப்பிய கரை. ரோடு ரோலரா இருந்தது அந்தக் காலத்தில்? மனிதக் காலும் மாட்டுக் காலும்தான் ரோலர். குடத்துக்குள் பெயர் போக நிலம் வேண்டும், வீடு வேண்டும். கரையை மிதிக்க மட்டும் யாரும் யாரிடமும் பத்திரம் கேட்கவில்லை. நீ ஓட நினைத்துக் கூச்சப்படுகிறாயே, அந்தக் கரை உன் முப்பாட்டியின் காலால் ஆனது!

இப்போது உன்னையே கேட்டுப் பார். கல்வெட்டு யாரையெல்லாம் தள்ளி வைத்தது என்று கோபப்படுகிறவனே, உனக்கு நீயே ஒரு கல்வெட்டு வெட்டி வைத்திருக்கிறாயே, அதை என்ன செய்யப் போகிறாய்? பத்து கிலோ குறைந்த பிறகு ஓடுவேன். நல்ல ஷூ வாங்கிய பிறகு ஓடுவேன். நைட் ஷிப்ட் மாறிய பிறகு ஓடுவேன். சிகரெட்டை விட்ட பிறகு, சம்பளம் உயர்ந்த பிறகு, மகள் கல்யாணம் முடிந்த பிறகு. பராந்தகன் காலத்து விதிகளைவிட உன் விதிகள் கடுமையாக இருக்கின்றன. யாரப்பா உன்னைத் தகுதித் தேர்வு எழுதச் சொன்னது? எடை குறைந்த பிறகு ஓடுவதாவது! நீச்சல் கற்ற பிறகுதான் தண்ணீரில் இறங்குவேன் என்றவனை நம் கிணற்றடியில் என்ன செய்வோம்? பின்னாலிருந்து ஒரு தள்ளு. இந்தக் கட்டுரையை அந்தத் தள்ளாக வைத்துக்கொள்.

இப்படித் தார் இல்லாத மண்ணில், வரப்பில், கரையில், காட்டுத் தடத்தில் ஓடுவதற்கு உலகம் முழுக்க டிரெயில் ரன்னிங் என்று பெயர். நகரத்துக்காரர்கள் அதற்காகப் பதிவுக் கட்டணம் கட்டி, காரில் மூன்று மணி நேரம் பயணம் செய்து, ஒரு மண்பாதையைத் தேடி வருகிறார்கள். உனக்கு அது வீட்டு வாசலில் கிடக்கிறது. நீ தினமும் பல் குச்சி ஒடிக்கப் போகிற இடம் அது.

புதிதாக ஓடுகிறவனுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. தார் ரோட்டில் ஓடினால் பின்னாலிருந்து லாரி ஹார்ன் விரட்டும். ஸ்டேடியத்தில் ஓடினால் பக்கத்துக் கோட்டில் போகிறவன் விரட்டுவான். மண் தடத்தில் வேகத்தைத் தடம்தான் தீர்மானிக்கும். மேடு வந்தால் நட. கல் கிடந்தால் பார்த்துக் கால் வை. மாடு வந்தால் ஒதுங்கு. நடந்துவிட்டாயே என்று யாரும் சிரிக்க மாட்டார்கள், ஏனென்றால் உலகத்தின் தலைசிறந்த மலை ஓட்டக்காரர்களே செங்குத்தான ஏற்றத்தில் தொடையில் கை ஊன்றி நடந்துதான் ஏறுகிறார்கள். நடை, தோல்வியின் அடையாளம் என்று நினைப்பவன் மலையைப் பார்க்காதவன்.

தூரத்து உதாரணமே வேண்டாம். ஆரோவில்லில் 2008 முதல் ஒரு மாரத்தான் நடக்கிறது. செம்மண் காட்டுத் தடம். முதல் பரிசு கிடையாது, மூன்றாம் பரிசும் கிடையாது, உன் நேரத்தை யாரும் குறித்து வைப்பதும் கிடையாது. ஓடுவதற்காக ஓடு, முடிந்தால் முடி, அவ்வளவுதான். இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு அந்த வேப்பமரம்தான் ஞாபகம் வந்தது. தூரத்து உதாரணமும் வேண்டுமா? லண்டனில் 2004 அக்டோபர் 2 அன்று, புஷி பார்க் என்ற பூங்காவில் 13 பேர் சேர்ந்து ஐந்து கிலோமீட்டர் ஓடினார்கள். இன்று பார்க்ரன் என்ற பெயரில் பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் இலவசமாக அது நடக்கிறது. அதில் ஓர் ஏற்பாடு உண்டு. எல்லோருக்கும் பின்னால், வேண்டுமென்றே கடைசியாக, ஒரு தன்னார்வலர் நடந்து வருவார். அவர் வந்து சேராமல் ஓட்டம் முடியாது. அதாவது கடைசி இடம் முன்கூட்டியே ஒருவருக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. நீ ஆசைப்பட்டாலும் உனக்குக் கிடைக்காது! எட்டாம் வகுப்பில் எனக்குப் பின்னால் அப்படி ஒரு ஆள் நடந்து வந்திருந்தால் என் முப்பது வருடம் மிச்சமாகியிருக்கும்.

சரி, எப்படித் தொடங்குவது? வீரம் காட்டாதே. அதுதான் முதல் விதி. முதல் நாளே பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி, மறுநாள் படி இறங்க முடியாமல் உட்கார்ந்து, "நமக்கெல்லாம் இது சரிப்படாது" என்று முடித்துக்கொண்டவர்கள்தான் அதிகம். ஒரு நிமிடம் ஓடு, இரண்டு நிமிடம் நட. இதையே இருபது நிமிடம் மாற்றி மாற்றிச் செய். வாரத்தில் மூன்று நாள் போதும். ஓடும்போது பக்கத்தில் வருகிறவனோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். துணைக்கு ஆளில்லையா, ஆட்டோடு பேசு. பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம், குறை. மெதுவாக ஓட வெட்கமாக இருக்கிறதா? நடக்கிறவன் உன்னை முந்திக்கொண்டு போனாலும் போகட்டும். சில வாரத்தில் ஓடுகிற நிமிடம் இரண்டாகும், பிறகு நான்காகும். மூச்சு சீக்கிரம் பழகிவிடும். முழங்காலும் குதிகால் தசைநாணும் மெதுவாகத்தான் பழகும், அவற்றுக்கு மாதக்கணக்கு வேண்டும். மூச்சு தரும் தைரியத்தில் முழங்காலை அடகு வைக்காதே. நிதானமாகப் போனால் மூன்று மாதத்தில் ஐந்து கிலோமீட்டர் உன் கைக்கு வரும், இன்னும் ஒரு மாதம் கூடினாலும் குடி முழுகிவிடாது.

சர்க்கரையோ பிரஷரோ நெஞ்சுவலியோ இருந்தால் டாக்டரிடம் காட்டிவிட்டு வா. வெளிச்சம் வந்த பிறகு ஓடு. புல்லுக்குள் விரியன் இருக்கும், அதற்கு உன் தன்னம்பிக்கை தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலங்கலில் தண்ணீர் போகும்போது கரையை விட்டுவிட்டு ஊர் ரோட்டில் ஓடு. தை, மாசியில் திரும்பி வா. அப்போது பார்க்க வேண்டும் கரையை! உள்வாயில் பனி புகையாகக் கிடக்கும். நீர்க்காகம் பட்ட மரத்தில் சிறகு விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். மதகு வழியாகத் தண்ணீர் வயலுக்கு ஓடுகிற சத்தம் உன் மூச்சுக்குத் தாளம் போடும். ஓடி முடித்து மதகுக் கட்டையில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, அடியில் ஏறிய நெருஞ்சி முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிற சுகம் இருக்கிறதே, அதை எந்த ஜிம்மும் மாதச் சந்தாவுக்குத் தராது. வீட்டுக்குப் போய் ஒரு சொம்புக் கேழ்வரகுக் கூழ், கடிக்கச் சின்ன வெங்காயம். இதற்கு மேல் எந்த பானமும் வேண்டாம்.

ஷூ இல்லை என்கிறாயா? 2017-இல் மெக்சிகோவின் புவெப்லாவில் 50 கிலோமீட்டர் மலைத்தட ஓட்டம் நடந்தது. பெண்கள் பிரிவில் முதலில் வந்தவர் மரியா லொரேனா ராமிரெஸ். ராராமுரி பழங்குடிப் பெண், வயது 22, வீட்டுத் தொழில் ஆடு மாடு மேய்ப்பது. மற்றவர்கள் விலையுயர்ந்த ஷூ, தண்ணீர்ப்பை, கம்பு என்று வந்திருக்க, அவர் பூப்போட்ட பாவாடையும் டயர் ரப்பரில் செய்த செருப்பும் போட்டுக்கொண்டு ஓடினார். டயர் செருப்பு! நம் ஊர்ச் சந்தையில் குவித்து வைத்து விற்றார்களே, அதன் தூரத்து உறவு. செருப்போடு மலை ஓடு என்று சொல்லவில்லை. அவர் பிறந்ததிலிருந்து அந்தப் பாறைகளில் நடந்தவர். உனக்குக் கட்டுப்படியாகிற விலையில், விரல் முன்னால் ஒரு கட்டைவிரல் அளவு இடம் விட்டு, ஒரு ஜோடி வாங்கு. ஆனால் வாங்கும் வரை காத்திருக்காதே. காத்திருப்பவனுக்கு ஷூவுக்கு அடுத்து வாட்ச் தேவைப்படும்.

வயசாகிவிட்டது என்கிற பெரியவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன். ஃபௌஜா சிங். பஞ்சாப் கிராமத்து விவசாயி, பிறகு இங்கிலாந்தில் குடியேறியவர். 2000-இல் லண்டனில் முதல் மாரத்தானை ஓடியபோது வயது 89. 2011-இல் டொரான்டோவில் 100 வயதில் 42 கிலோமீட்டர் முழுவதையும் முடித்தார். கின்னஸ்காரர்கள் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். 1911-இல் பிறந்த கிராமத்து ஆளிடம் சான்றிதழுக்கு எங்கே போவது? சாதனை புத்தகத்தில் ஏறவில்லை. "புயல் அடிச்ச வருஷம் பொறந்தேன்" என்று சொல்கிற நம் தாத்தாக்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாகப் புரியும். அதற்கப்புறமும் அவர் ஓடினார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

தங்கச்சி, அக்கா, இனி உங்களிடம். உங்களைக் கேட்கப் போகிற கேள்வி வேறு, எனக்குத் தெரியும். என்னிடம் "யாருக்கு என்ன ஆச்சு" என்று கேட்ட ஊர், உங்களிடம் "வீட்ல கேட்டியா?" என்று கேட்கும். நான்கு மணிக்கு எழுந்து வாசல் தெளித்து, கோலம் போட்டு, டிபன் கட்டி, பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்றி, அதன்பிறகு நூறு நாள் வேலைக்கோ கம்பெனிக்கோ போகிற உங்களுக்கு "உடம்பு வளையணும், நடங்க" என்று யாராவது அறிவுரை சொன்னால் கோபம்தான் வரும். நியாயமான கோபம். உடம்பு ஏற்கெனவே வளைந்துகொண்டுதான் இருக்கிறது. நான் சொல்வது உடம்பைப் பற்றி இல்லை. ஒரு நாளில் இருபது நிமிடம், யாருக்கும் சோறு போடாத, யாரும் கூப்பிட முடியாத இருபது நிமிடம். அது உங்கள் பங்கு, கேட்டு வாங்க வேண்டியதில்லை, எடுத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகக் கூச்சமா, பயமா? நான்கு பேராகச் சேருங்கள். மகளிர் குழுக் கூட்டத்துக்கு வாராவாரம் சேரத் தெரிந்த உங்களுக்கு இது ஒரு பெரிய காரியமா? சுடிதாரோ, நைட்டிமேல் துண்டோ, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டோ வாருங்கள். மதுரைக்குப் பக்கத்தில் சக்கிமங்கலத்தில், சின்ன வயதிலேயே அப்பா அம்மாவை இழந்து, கூலி வேலைக்குப் போன பாட்டி வளர்த்த ரேவதி வீரமணி வெறுங்காலில் ஓடித்தான் ஆரம்பித்தார். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். ரேவதியின் காலைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். "பேத்தி ஓடட்டும்" என்று விட்டாரே, அந்தப் பாட்டியின் நெஞ்சைப் பற்றி நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நெஞ்சு தேவை. மாமியார்களே, காதில் விழுகிறதா?

இன்னொருவர் கதையைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. புதுக்கோட்டைக்காரர், கோவிந்தன் லட்சுமணன். 2017-இல் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம். அடுத்த வருடம் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. 10,000 மீட்டர் என்றால் மைதானத்தை 25 சுற்று. மூன்றாவதாக வந்தார். வெண்கலம் என்று நாடே கொண்டாடத் தொடங்கியது. சிறிது நேரத்தில் செய்தி வந்தது: ஓடும்போது பாதையின் உள்விளிம்புக் கோட்டைத் தாண்டிக் கால் பட்டுவிட்டது, தகுதி நீக்கம். விதி விதிதான், நடுவர்மேல் குற்றமில்லை. ஆனால் அந்த 25 சுற்றை ஓடிய காலை யார் நீக்க முடியும்? பட்டியலிலிருந்து பெயரை எடுக்கலாம், காலிலிருந்து ஓட்டத்தை எடுக்க முடியாது. அவர் தாண்டியதும் ஒரு கோடுதான். எனக்கு அழிக்கப்பட்டதும் ஒரு கோடுதான். ஏரிக்கரையில் கோடே கிடையாது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல், நடுவில் நீ. எந்த நடுவர் வந்து உன்னை நீக்குவார்?

இப்போது அந்த எண்ணுக்கு வருகிறேன். ஆறு!

இந்தக் கரையில், இல்லாவிட்டால் மானாம்பதியிலோ சாலவாக்கத்திலோ பெருநகரிலோ திருப்புலிவனத்திலோ உன் ஊர் ஏரியில், புதியவர்களுக்கென்று ஓர் ஓட்டம் நடத்த எத்தனை பேர் வேண்டும் என்று நினைக்கிறாய்? ஸ்பான்சர் வேண்டும், மேடை வேண்டும், சினிமாக்காரர் வந்து கொடியசைக்க வேண்டும் என்று பட்டியல் போடாதே. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர் போதுமானதாக இருந்தது, உனக்கும் ஆறு பேர் போதும். ஒருவன் அனுமதி வாங்கட்டும். பொதுவாக நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள பெரிய ஏரி நீர்வளத்துறையிடமும், சின்ன ஏரி ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். போய்க் கேட்டு எழுத்தில் வாங்கு, காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவை. இரண்டாமவன் முந்தின நாள் தடம் முழுக்க நடந்து சீமைக்கருவேல முள்ளை ஒதுக்கி, குழி உள்ள இடத்தில் சுண்ணாம்பு போடட்டும். மூன்றாமவன் பாதித் தூரத்தில் மோரும் தண்ணீரும் வைத்துக்கொண்டு நிற்கட்டும், எவர்சில்வர் டம்ளரில். பிளாஸ்டிக் கப் ஒன்றுகூட ஏரியில் விழக் கூடாது. நான்காமவன் முதலுதவிப் பெட்டியோடு, 108-க்கு எந்த வழியாக வண்டி வரும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு நடுவில் நிற்கட்டும். ஐந்தாமவன் பெயர் எழுதட்டும். வயது கேட்கலாம், நேரம் குறிக்க வேண்டாம்.

ஆறாவது ஆள்தான் எல்லோரிலும் பெரியவன். அவன் கடைசியாக நடந்து வருவான். மூச்சு வாங்குகிற குண்டுப் பையனுக்குப் பின்னால், புடவை தடுக்குகிற அக்காவுக்குப் பின்னால், "நீ போப்பா, நான் மெதுவா வரேன்" என்கிற பெரியவருக்குப் பின்னால். அவன் வந்து சேரும்வரை முடிவுக் கோட்டில் கைதட்டல் நிற்கக் கூடாது, கோட்டை எவனும் அழிக்கக் கூடாது. அந்த வேலைக்கு நான் இப்போதே பெயர் கொடுக்கிறேன். மற்ற ஐந்து ஓலைகளில் யார் பெயர் என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். குடம்கூட வேண்டாம்.

ஆயாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. மறுநாள் பார்த்தபோது சிரித்தார். அதற்கு அடுத்த வாரம், "நெஞ்சு வலிக்கலையா?" என்று கேட்டார். ஒரு மாதம் கழித்து, நான் பனைமரக் கூட்டத்தைத் தாண்டி இரண்டாவது மதகு வரை நிற்காமல் போனதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல், ஆடுகளை வேப்பங்கொம்பால் ஒரு ஓரமாக ஒதுக்கி எனக்கு வழி விட்டார். எனக்குக் கிடைத்த மெடல்களில் அதுதான் முதலாவது.

போன மாதம் காய்ச்சலில் இரண்டு நாள் படுத்துவிட்டேன். மூன்றாம் நாள் கரைக்குப் போனேன். தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டு, ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு எதிரே வந்தார். முகத்தில் முதல் நாள் பார்த்த அதே பதற்றம்.

"இன்னா கண்ணு, ரெண்டு நாளா ஆளையே காணோம்! யாருக்கு இன்னா ஆச்சு?"